வாசலே பட்டறையான வரலாறு

நம் நாட்டு மோட்டார்த் தொழிலைப் பற்றி எழுதப்பெற்ற வரலாறுகளில் பெரும்பாலானவை ஆலைகளின் வரலாறுகளே. எந்த ஆண்டில் எந்த ஆலை எழுந்தது, முதல் போட்டவர் யார், எந்த அந்நிய நிறுவனத்தோடு உடன்படிக்கை ஏற்பட்டது என்னும் செய்திகளெல்லாம் அவற்றில் முறையாகக் கிடைக்கும். ஆலையின் வாயிலைக் கடந்து வெளிவந்த வண்டி அதன்பின் முப்பது நாற்பது ஆண்டுகள் எவ்வாறு உயிரோடு இருந்தது என்பதைத்தான் எவரும் எழுதி வைக்கவில்லை. அந்த வரலாறு நடந்தது நம்முடையவை போன்ற காலனிகளின் வீட்டு வாசல்களில். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பானெட்டைத் திறந்து வைத்துக் குனிந்து நின்ற குடும்பத் தலைவர்களே அதன் நாயகர்கள். அவர்களில் யந்திரக் கலை பயின்றவர் சிலரே. கணக்கர்களும், ஆசிரியர்களும், ரயில்வே குமாஸ்தாக்களுமே பலர். அவர்கள் ஏன் கையில் ஸ்பேனர் எடுத்தனர் என்பதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

சுதந்திரத்திற்கு முன் இந்நாட்டில் மோட்டார் வண்டி என்றால் அது கப்பலில் வந்த பொருள். ஃபோர்டு நிறுவனம் 1926-இலும், ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயிலும் கடை விரித்து, பெட்டிகளில் வந்த பாகங்களை இங்கே பூட்டி விற்றன. பிர்லா குடும்பத்தாரின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தோன்றி, 1948-இல் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவிற்கு இடம் பெயர்ந்தது. வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பம்பாய்க் குர்லாவில் நிலைகொண்டது. நம் சென்னையில் 1948-இல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் பிறந்தது. அதன் ஆலை வண்டலூரில் எழுந்தது. 1949-இல் முழுமையாகக் கட்டப்பெற்ற வண்டிகளின் இறக்குமதியை அரசு தடுத்தது. உள்நாட்டிலேயே படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டம் உடையோர்க்கே இனி இடம் என 1953-இல் சுங்கவரி ஆணைக்குழு பரிந்துரைக்க, அத்திட்டம் இல்லாத அமெரிக்க நிறுவனங்கள் இரண்டும் மூட்டை கட்டின.

களத்தில் எஞ்சி மக்கள் மனத்தில் நின்றவை மூன்று வண்டிகள். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அடியொற்றி 1957-இல் உத்தர்பாராவில் உருவான அம்பாசிடர் ஒன்று. இத்தாலியில் 1953-இல் அறிமுகமான ஃபியட் 1100-ஐ மூலமாகக் கொண்டு, குர்லாவில் பல பெயர்களில் வெளிவந்து, 1974 முதல் பிரீமியர் பத்மினி என்று அழைக்கப்பெற்ற வண்டி மற்றொன்று. மூன்றாவது, 1961-இல் சென்னையில் பிறந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. தாயகத்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு எனப் பெயர் பூண்டிருந்த இவ்வண்டிக்கு இங்கிலாந்தில் நான்கு கதவு கொண்ட வடிவம் இருந்ததே இல்லை. அதைச் செய்து காட்டியது சென்னைதான். வடநாட்டு வீதிகளில் ஒரு ஹெரால்டைக் காணும்போது நம்மவர்க்கு உண்டான பெருமிதம் முற்றிலும் காரணமற்றது அன்று.

வண்டிகள் மூன்றே, வேண்டுவோரோ பலர். 1959-இல் கார்களின் விற்பனையையும் பங்கீட்டையும் கட்டுப்படுத்தும் ஆணை ஒன்றை அரசு பிறப்பித்தது. முன்பணம் கட்டியவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். அரும்பாடுபட்டுக் கைக்கு வந்த வண்டியை ஐந்தாறு ஆண்டில் மாற்றிவிட்டுப் புதியது வாங்கலாம் என்னும் எண்ணமே நடுத்தரக் குடும்பத்தார்க்கு எழ வழியில்லை. வாங்கிய வண்டி மகள் திருமணம் வரையில் ஓடவேண்டும். அதன் பின்னும் ஓடவேண்டும். பட்டறைக்குக் கொடுக்கப் பணமும் குறைவு. நெடுந்தூரப் பயணத்தில் பட்டறை கண்ணில் படுவதும் அரிது. ஆகவே, கற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

அந்தக் கட்டுப்பாட்டுக் காலத்தைப் போற்றுவது என் நோக்கம் அன்று. போட்டியின்மையால் ஆலைகள் மெத்தனமாக இருந்தன என்பதும், புது வண்டியிலேயே கதவு சரிவரப் பொருந்தாமலும் மழை நீர் உள்ளே ஒழுகியும் வாங்கியோர் வருந்தினர் என்பதும் உண்மை. ஆலை அரைகுறையாக விட்டதை வீட்டார் நிறைவு செய்தனர் என்று சொன்னாலும் தகும். எனினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அம்பாசிடரின் அடிப்படை அமைப்பு பல பத்தாண்டுகள் மாறாமல் இருந்ததை அறிஞர் பலர் ஏளனம் செய்வர். வண்டி மாறாததனால்தான் அதைப் பற்றிய அறிவும் வீணாகவில்லை. தந்தை 1965-இல் கற்றது மகனுக்கு 1985-இலும் பயன்பட்டது. பக்கத்து வீட்டார் வண்டியிலும் அதே திருகு, அதே இடத்தில் இருந்தது. ஒருவர் கண்ட பழுதை மாலைக்குள் காலனி முழுதும் அறிந்து வைத்திருந்தது.

வண்டிகளின் அமைப்பும் இதற்கு இசைந்தது. ஹெரால்டின் முன்பகுதி முழுவதும், சக்கர மூடிகளோடு சேர்ந்து, முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். முன் டயரின் மேல் அமர்ந்துகொண்டே யந்திரத்தின் எப்பக்கத்தையும் தொடலாம். தனிச் சட்டத்தின் மேல் உடற்பகுதிகள் போல்ட்டுகளால் பிணைக்கப்பெற்றிருந்தமையால், நசுங்கிய தகட்டைக் கழற்றி வேறொன்றைப் பூட்டுவது எளிது. அம்பாசிடருக்கு அங்குலக் கணக்கு ஸ்பேனர்கள் வேண்டும். ஃபியட்டுக்கு மில்லிமீட்டர்க் கணக்கு. இதனால் ஒரு தெருவில் இரு குலத்தார் வாழ்ந்தனர் எனலாம். அம்பாசிடர்க்காரர் ஃபியட்காரரிடம் ஸ்பேனர் இரவல் கேட்டால் பயனில்லை. கேட்டு வாங்கிப் பொருந்தாத ஸ்பேனரால் திருகின் முனையைத் தேய்த்தவர்களும் உண்டு!

வீட்டில் செய்த வேலைகளுள் தலையாயது டாப்பெட் சரிசெய்தல். வால்வின் காம்புக்கும் அதை அழுத்தும் ராக்கர் என்னும் நெம்புகைக்கும் இடையே ஓர் இடைவெளி வேண்டும். அம்பாசிடரின் 1489 கன செ.மீ. யந்திரத்தில் இது ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி, அவற்றில் 15 பங்கு. இடைவெளி மிகுந்தால் யந்திரம் தட்டச்சுப்பொறி போலத் தட்டும். குறைந்தால் வால்வு முழுதும் மூடாமல் எரிந்துபோகும். அளப்பதற்கு ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய எஃகுத் தகடுகள் உண்டு. நன்றாக வைத்த இடைவெளியில் தகடு சற்றே உரசிக்கொண்டு நகரவேண்டும். அந்த உரசலின் அளவு எந்த நூலிலும் எழுதப்படவில்லை. விரலுக்குத்தான் அது தெரியும்.

எட்டு வால்வுகளுள் எது எப்போது முழுதும் மூடியிருக்கும் என்று அறிய ஓர் எளிய கணக்கு இருந்தது. அதற்கு ஒன்பதின் விதி என்று பெயர். எட்டாம் வால்வு முழுதும் திறந்திருக்கையில் முதல் வால்வைச் சரிசெய்க. ஆறாவது திறந்திருக்கையில் மூன்றாவதை. நான்காவது திறந்திருக்கையில் ஐந்தாவதை. இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது. முன்னால் கைப்பிடி செருகி யந்திரத்தைச் சிறிது சிறிதாகச் சுழற்றுவது பெரிய பையன் வேலை. எந்த வால்வு கீழிறங்கியது என்று பார்த்து எண்ணைச் சொல்வது சின்னவள் வேலை. கூட்டல் கணக்கைப் பள்ளியில் கற்குமுன் பானெட்டின் கீழ்க் கற்ற குழந்தைகள் நம்மிடையே இருந்தனர்.

மின்பொறியில் பாயிண்ட் கருகினால் உப்புத்தாளால் தேய்ப்பார்கள். பிளக்கின் கரியைச் சுரண்டுவார்கள். கார்புரேட்டர் ஜெட்டில் தூசி அடைத்தால் வாயால் ஊதுவார்கள். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிப் பெட்ரோல் செலவு கூடும் என்பதை அறிந்தவர் ஊசியைத் தொடமாட்டார். கோடையில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நடுவழியில் நின்றால், ஈரத்துணியைப் பெட்ரோல் பம்பின் மேல் சுற்றிக் கால் மணி நேரம் காத்திருப்பது நாடறிந்த வைத்தியம். ஸ்டியரிங்கோடு இணைந்த கியர்த் தண்டு நாற்சந்தியில் சிக்கிக்கொண்டால், இறங்கி, பானெட்டைத் திறந்து, இணைப்புத் தண்டுகளைக் கையால் விடுவித்து, பின்னால் ஒலிக்கும் ஹாரன்களைக் காதில் வாங்காமல் மீண்டும் ஏறி அமரும் கலையும் அக்காலத்தில் ஓட்டுநர் பயிற்சியின் ஒரு பகுதியே.

பெட்ரோல் தொட்டியில் சிறு கசிவு கண்டால் சலவைச் சோப்பைப் பிசைந்து அப்பினர். ரேடியேட்டர் கசிந்தால் மஞ்சள் தூளை நீரில் கலந்து ஊற்றினர். இவை வீடு போய்ச் சேரும்வரையில் மட்டுமே செல்லும் தீர்வுகள். அதை மறந்து மஞ்சளையே நம்பியவர்களின் ரேடியேட்டர் முழுதும் அடைபட்டது. ஃபியட்டின் சிலிண்டர் தலை அலுமினியத்தால் ஆனது. அளவுக்கு மீறிச் சூடேறினால் வளைந்துவிடும். இரும்புத் தலை கொண்ட அம்பாசிடர் பொறுத்த பிழையை ஃபியட் பொறுக்காது. ஹெரால்டுக்கும் ஒரு நுட்பம் உண்டு. அதன் முன்சக்கரத் தாங்கியின் அடியில் உள்ள ட்ரன்னியனுக்குக் கெட்டியான கியர் எண்ணெய் இடவேண்டும், கிரீஸ் இடலாகாது. கிரீஸ் உள்ளே சரிவரப் பரவாமல் நீர் புகுந்து துருவேற, ஒரு நாள் தாங்கி முறிந்து சக்கரம் மடிந்துவிடும். சாலையோரப் பட்டறையில் எல்லாவற்றிற்கும் ஒரே கிரீஸ்தான். கையேட்டைப் படித்த உரிமையாளரே இவ்விடத்தில் பட்டறைக்காரரைத் திருத்தவேண்டியிருந்தது.

பாகங்கள் கிடைத்த வழியிலும் தமிழ்நாட்டிற்குப் பெரும்பங்கு உண்டு. சென்னையில் 1949-இல் இந்தியா பிஸ்டன்ஸ் தோன்றியது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ்-டி.வி.எஸ். ஆகியவை எழுந்தன. டெல்லியில் காஷ்மீரி கேட், கல்கத்தாவில் மல்லிக் பஜார், சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் புதுப்பேட்டையும் பாகம் தேடுவோர் யாத்திரை செல்லும் தலங்களாயின. வடக்கே ஹெரால்டு வைத்திருந்தோர், விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பரிடம் ஊறுகாய், அப்பளப் பட்டியலோடு பாகங்களின் பட்டியலையும் எழுதிக் கொடுத்தனர்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. காத்திருக்கும் காலம் மெல்ல மறைந்தது. எண்பதுகளின் இறுதியில் சென்னை ஸ்டாண்டர்டு ஆலை ஓய்ந்தது. பத்மினியின் உற்பத்தி 2000-ஆம் ஆண்டை ஒட்டி நின்றது. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சிகளாக இருந்த பத்மினிகளுள் கடைசியானதும் 2023 அக்டோபரில் விடைபெற்றது. உத்தர்பாராவில் அம்பாசிடர் வேலை 2014 மே மாதத்தில் நின்றது. இன்றைய வண்டிகளில் கணினியே நோய் சொல்கிறது. அவை பாதுகாப்பானவை, புகை குறைந்தவை. அதை மறுக்க இயலாது.

இன்னும் பழைய வண்டியை வாசலில் வைத்திருப்போர் சிலர் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்குப் பெருஞ்சோதனை எரிபொருளில் வந்திருக்கிறது. 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. மக்கள் நலனுக்கு அது மிக நல்லது; ஈயத்தின் பூச்சை நம்பியிருந்த பழைய வால்வு இருக்கைகள் மட்டும் தேயத் தொடங்கின. கடினமான இருக்கை வளையங்களைப் பொருத்தி அதற்குப் பரிகாரம் கண்டனர். 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவத் தொடங்கியது. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் ஊறவைத்துச் சிதைக்கும். காற்றின் ஈரத்தை இழுத்துத் தொட்டியைத் துருவாக்கும். சூடான யந்திரத்தின் மேல் பெட்ரோல் சொட்டினால் விளைவது என்ன என்று விளக்கவேண்டியதில்லை.

2021-இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகள், 50 ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகத் தனியே பதிவு செய்ய வழி வகுத்துள்ளன. அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும், பழுது பார்க்கவும் பெட்ரோல் நிரப்பவும் சாலையில் எடுக்கலாம். அன்றாடம் அலுவலகம் செல்ல இயலாது. வண்டி காக்கப்படும் என்பதில் மகிழ்ச்சியே. ஆனால் ஓடாத வண்டியில் பழுது நேராது. பழுது நேராத இடத்தில் பழுது பார்க்கும் கை வளராது. பழைய டைனமோவிற்குச் சுருள் சுற்றவும், கியர்ப் பெட்டியின் ஓசையைக் கொண்டே உள்ளிருக்கும் பல்லின் நிலையைச் சொல்லவும் வல்லவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். அவர்களிடம் சென்று கேட்டுத் தமிழில் எழுதி வைக்கும் பணியை நம் சங்கத்து இளைஞர்கள் மேற்கொள்வார்களாயின், அடுத்த ஆண்டு மலர்களில் அவற்றை வெளியிட இடம் இருக்கும்.

அதற்கிடையே, பழைய வண்டி வைத்துள்ள அன்பர்கள் இந்த மழைக்காலத்திற்கு முன் பெட்ரோல் குழாய்கள் அனைத்தையும் எத்தனாலைத் தாங்கும் புதிய குழாய்களாக மாற்றிக்கொள்க. பம்பின் சவ்வையும் கையோடு மாற்றுக. வண்டியைத் திங்கள்கணக்கில் நிறுத்திவைப்போர் கார்புரேட்டர்க் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோலை வடித்துவிடுக.