குதிரையின் தோலில் புண்: எது சாதாரணம், எது ஆபத்து?

கேதார்நாத், வைஷ்ணோ தேவி மலைப்பாதைகளில் பக்தர்களைச் சுமக்கும் குதிரைதான் அதன் உரிமையாளருக்கு அன்றாட வருமானம். அதன் தோலில் புண் வந்தால் வேலையை நிறுத்தணுமா, மருந்து தடவிட்டுத் தொடரலாமா? அது என்ன புண் என்பதைப் பொறுத்தது.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சுமார் 3.4 லட்சம். இது 2012-ஐ விட 45.6% குறைவு. ஆனாலும் செங்கல் சூளை, வண்டி, கல்யாண ஊர்வலம் என அவை இன்னும் மனிதர்களோடு ஒட்டித்தான் வேலை செய்கின்றன. அதனால் இது உங்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம்.

படர்தாமரை (பூஞ்சை)

வட்ட வட்டமாக முடி கொட்டும், செதில் உதிரும். சேணமும் வார்ப்பட்டையும் உரசும் இடங்களில் அதிகம் வரும். ஒரே பிரஷ்ஷை, சேணத்தைப் பல குதிரைகளுக்குப் பயன்படுத்தினால் வேகமாகப் பரவும். பூஞ்சை வித்துகள் அவற்றில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மனிதர்களுக்கும் தொற்றும். ஆனால் குணமாகிவிடும்.

மழைக்காலச் சொறி (பாக்டீரியா)

காரணம் 'டெர்மட்டோஃபிலஸ்' என்ற பாக்டீரியா. தோல் தொடர்ந்து ஈரமாக இருந்தால் முதுகில் பொருக்கு கட்டும். பொருக்கு உரிந்தால், பெயிண்ட் பிரஷ் மாதிரி முடிக்கற்றையும் சேர்ந்து வரும். உடம்பைக் காயவைத்து, கிருமிநாசினியால் கழுவினாலே பெரும்பாலும் சரியாகும். தீவிரமானால் ஆன்டிபயாடிக் தேவைப்படும்.

கிளாண்டர்ஸ்: இதுதான் ஆபத்து

இதுவும் பாக்டீரியாதான். கால்களின் உட்புறத்தில் வரிசையாகக் கட்டிகள் எழும்பி, உடைந்து, தேன் போன்ற சீழ் வடியும். மூக்கிலும் சளி ஒழுகலாம். மனிதர்களுக்குத் தொற்றினால் உயிரையே பறிக்கலாம். இதற்கென்று 1899-லேயே தனிச் சட்டம் வந்தது. குதிரைக்கு இந்த நோய் உறுதியானால் சிகிச்சை கிடையாது, கருணைக்கொலைதான். உரிமையாளருக்கு அரசு இழப்பீடு உண்டு.

இந்தப் பயத்தால்தான் சிலர் புண்ணை மறைக்கிறார்கள். மறைத்தால் பக்கத்தில் கட்டிய குதிரைகளுக்கும், பராமரிப்பவருக்கும் ஆபத்து.

என்ன செய்யணும்?

• புண் உள்ள குதிரையைத் தனியாகக் கட்டுங்கள். சேணம், பிரஷ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் தனி.
• கையுறை இல்லாமல் புண்ணைத் தொடாதீர்கள்.
• மெடிக்கலில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீமைத் தடவாதீர்கள். அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும்.
• அரசு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கிளாண்டர்ஸ் சந்தேகம் இருந்தால் ரத்த மாதிரி எடுப்பார்கள். ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசிய குதிரை ஆராய்ச்சி மையத்தில் இதற்கான பரிசோதனை வசதி உள்ளது.

முதல் ரெண்டும் சில வார ஓய்வோடு முடியும். மூன்றாவது அப்படியில்லை. எது என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது, பரிசோதனைதான் சொல்லும்.