சட்டாம்பிள்ளை முறையும் வேலைப்பிரிவினையும்

பாடசாலை நிருவாகப் பணிகளைப் பிறரிடம் பகிர்ந்தளித்தால் அதிபர் கற்பித்தலில் முழுக்கவனஞ் செலுத்தலாம் என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் கருத்தாகும். ஆயின், அப்பகிர்வின் பயன் யாரைச் சேர்கிறது என்பது வரலாற்று நிலைநின்று நோக்கப்பட வேண்டியதாகும்.

1789இல் சென்னை எழும்பூரிலிருந்த படைவீரரின் ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தைப் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றிற் சிறுவர்கள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். உதவியாசிரியர்கள் அம்முறையைப் பின்பற்ற மறுக்கவே, 8 வயது மாணவனொருவனிடம் கற்பிக்கும் பணியை ஒப்படைத்தார். நமது திண்ணைப் பள்ளிகள் நன்கறிந்த சட்டாம்பிள்ளையே இவ்வாறு புதுவடிவம் பெற்றான். 1797இல் பெல் இலண்டனில் வெளியிட்ட நூல் இம்முறையைப் பரப்பிற்று. 1798இல் அந்நகரிற் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்ரரும் இதனையொத்த முறையையே கையாண்டார். ஓராசிரியரின் கீழ் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் பயின்றனர்.

இங்கு ஆசிரியர் கற்பிப்பவராகவன்றி, ஆலைக் கங்காணி போன்று மேற்பார்வை செய்பவராகவே ஆக்கப்பட்டார். மிச்சப்பட்ட உழைப்பு கல்வியை வளம்படுத்தவில்லை. செலவைக் குறைக்கவே உதவிற்று. தொழிலாளர் பிள்ளைகளுக்கு மலிவான எழுத்தறிவே போதும் என்னும் வர்க்க நோக்கின் வெளிப்பாடே இது எனலாம்.

எனவே, எழுதுவினைஞரும் பிரதி அதிபரும் சுமையைப் பகிர்வது விரும்பத்தக்கதே. ஆனால் அதனால் விடுபடும் நேரம் வகுப்பறைக்கு மீள்கின்றதா, சிக்கனத்துக்கு இரையாகின்றதா என்பதே அடிப்படை வினாவாகும்.