ஒரே எச்சரிக்கை விளக்கு, இரண்டு பழுதுகள்

ஃபோக்ஸ்வாகன் 1997-இல் கொண்டுவந்த நான்காம் தலைமுறை கோல்ஃப் காரை வைத்திருந்தவர்களில் பலருக்கு ஏர்பேக் விளக்கோடு பழக்கம் உண்டு. சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டிய விளக்கு அது. அணையாமல் நின்றால் ஸ்கேனரைப் பொருத்துவார்கள். 01217, 01218 ஆகிய கோடுகள் முன் இருக்கைகளின் பக்கவாட்டு ஏர்பேக்கைக் குறிக்கும். 00588 என்றால் ஸ்டீரிங்கில் இருக்கும் ஓட்டுநர் ஏர்பேக். இரண்டிலும் அடிக்கடி கூடவே வரும் வாசகம் ஒன்றுதான்: மின்தடை மிக அதிகம்.

வாசகம் ஒன்று என்பதால் வைத்தியமும் ஒன்று என்று இறங்குவதில்தான் காசும் நேரமும் வீணாகின்றன.

முதலில் இரண்டுக்கும் பொதுவானதைப் பார்த்துவிடலாம். ஏர்பேக்கை வெடித்து விரியச் செய்யும் இக்னைட்டரின் மின்தடை சுமார் 2 ஓம். சாவி போட்டிருக்கும் நேரமெல்லாம் கட்டுப்பாட்டுப் பெட்டி மிகச் சொற்ப மின்சாரத்தை அனுப்பி, அந்த 2 ஓம் மாறாமல் இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டே இருக்கிறது. வழியில் எங்கோ ஓரிரு ஓம் கூடினாலே புகார் பதிவாகிவிடும். ஆகவே ஏர்பேக் கெட்டுப்போயிருப்பது அபூர்வம். அசையாத உடற்பகுதியிலிருந்து அசையும் பாகத்துக்கு வயர் தாவுகிற இடத்தில்தான் கோளாறு இருக்கும். இருக்கை முன்னும் பின்னும் நகர்கிறது, ஸ்டீரிங் சுழல்கிறது.

ஒற்றுமை இவ்வளவுதான்.

இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் ஒன்று இருக்கும். இருக்கையை நகர்த்தும்போதெல்லாம் வயர் சற்றே இழுபடும். பின்னால் உட்காருபவரின் கால் படும், அடியில் திணித்த குடையும் தண்ணீர் பாட்டிலும் இடிக்கும். கனெக்டருக்குள் ஆணும் பெண்ணுமான முனைகள் மயிரிழை அளவு உரசி உரசி மேற்பூச்சு தேய்ந்து, அந்த இடத்தில் ஆக்சைடு படியும். கழற்றிப் பார்த்தால் பளபளப்பான முனையில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி தெரியலாம், தெரியாமலும் போகலாம். இந்தப் பழுதுக்கு அடையாளம் அதன் நிலையின்மை. கோடை அழித்தால் விளக்கு அணையும், ஒரு வாரம் நன்றாக ஓடும், யாரோ இருக்கையைப் பின்னுக்குத் தள்ளியதும் திரும்ப எரியும்.

ஸ்டீரிங்குக்குள் நடப்பது வேறு. அங்கே கிளாக் ஸ்பிரிங் என்கிற உறைக்குள் தட்டையான ரிப்பன் வயர் சுருள் சுருளாக அடங்கியிருக்கும். ஸ்டீரிங் இடமாகச் சுற்றினால் இறுகும், வலமாகச் சுற்றினால் தளரும், அல்லது மாறியும் இருக்கும். பல்லாயிரம் முறை வளைந்து செம்பு இழை களைத்து முறிகிறது. இது பெரும்பாலும் தனியாக வராது. அதே ரிப்பனில் ஓடும் ஹார்ன் வேலை செய்யாமல் போகும், அல்லது ஸ்டீரிங் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நிற்கும்போது மட்டும் விளக்கு எரியும். 00588 கோடோடு ஹார்னும் ஊமையாக இருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கிளாக் ஸ்பிரிங்கைத்தான்.

இக்னைட்டரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மல்டிமீட்டரால் அளக்கக் கூடாது. மீட்டர் அனுப்பும் மின்சாரம் அதைப் பற்றவைக்கலாம். பேட்டரி இணைப்பைக் கழற்றி, கட்டுப்பாட்டுப் பெட்டியின் கபாசிட்டர் வடியும்வரை காத்திருக்க வேண்டும். டொயோட்டா 90 விநாடி என்கிறது, ஹோண்டா 3 நிமிடம் என்கிறது. அந்தந்த வண்டியின் கையேடு சொல்வதே கணக்கு. பிறகு ஏர்பேக்கைக் கழற்றி, அதன் இடத்தில் சுமார் 2 ஓம் சோதனை ரெசிஸ்டரை மாட்டி, மறுபடி பேட்டரியை இணைத்துக் கோடைப் பார்ப்பார்கள். கோடு போய்விட்டால் வயரிங் குற்றமற்றது. ஏர்பேக்கையோ அதில் சேரும் முனையையோதான் பார்க்க வேண்டும். கோடு நின்றால் வயரிங்கிலேயே கோளாறு. ரெசிஸ்டர் மாட்டிய நிலையிலேயே இருக்கையை நகர்த்தியும், மற்றதில் ஸ்டீரிங்கை முழுதாகத் திருப்பியும் பார்த்தால் ஒளிந்திருக்கும் பழுது வெளியே வரும்.

பழுதுபார்ப்பில் இரண்டும் முற்றாகப் பிரிகின்றன. இருக்கைக் கனெக்டரைச் சரிசெய்ய முடியும். முனைகளைச் சுத்தம் செய்யலாம், தளர்ந்த பெண் முனையை மாற்றலாம், வயரை இழுபடாதபடி கட்டலாம். தேய்மானம் அதிகமென்றால் புதிய கனெக்டர். பலரும் அதை வெட்டி எறிந்துவிட்டு வயர்களை நேரடியாகச் சால்டர் செய்கிறார்கள். விளக்கு அணையும் என்பது உண்மைதான். ஆனாலும் நான் அதை ஏற்கவில்லை. சால்டர் வயர் இழைகளுக்குள் ஏறி அந்த இடம் விறைத்துவிடும். இருக்கை நகர நகர, விறைப்பு முடிகிற இடத்தில்தான் வயர் முறியும். இன்னொன்று, பல ஏர்பேக் கனெக்டர்களில் கழற்றியதும் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடும் சிறு தகடு இருக்கிறது. தற்செயல் மின்சாரத்தால் பை வெடிக்காமல் காப்பது அதுவே. கனெக்டரோடு அந்தக் காப்பும் போய்விடும். பிறகு இருக்கையைக் கழற்ற வேண்டியவர் வயரை வெட்டித்தான் ஆக வேண்டும்.

கிளாக் ஸ்பிரிங்குக்கு இந்த விவாதமே தேவையில்லை. முறிந்த ரிப்பனை ஒட்டவைக்க வழியில்லை, முழுதாக மாற்ற வேண்டும். சக்கரங்களை நேராக வைத்து, புதியதை நடு நிலையில் பொருத்துவது முக்கியம். நடு தவறினால் ஸ்டீரிங்கை முழுதாகத் திருப்பும் முதல் நாளே அறுந்துபோகலாம்.

இதில் கவனிக்க வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. 1990-களின் நடுவில் வோல்வோ 850-இல் வந்த முதல் பக்கவாட்டு ஏர்பேக்கில் மின்சுற்றே கிடையாது. இருக்கையில் இருந்த இயந்திர சென்சாரே பையை விரித்தது. மின்சுற்று வந்ததால் கூடுதல் கட்டுப்பாடு கிடைத்தது, கூடவே இருக்கைக்கு அடியில் கனெக்டரும் வந்து சேர்ந்தது.

கதவுக்கும் விலாவுக்கும் நடுவே இருக்கும் இடம் கைச்சாண் அளவுதான். பக்கவாட்டு மோதலில் அந்தப் பை விரியச் சில மில்லிவிநாடிகளே கிடைக்கின்றன. இரண்டு பழுதுகளுக்கும் சந்தையில் ஒரு குறுக்குவழி இருக்கிறது: ஏர்பேக்குக்குப் பதில் ரெசிஸ்டரை நிரந்தரமாக மாட்டிவிடுவது. விளக்கு அணைந்துவிடும், மோதலில் பை விரியாது. பிரிட்டனின் வருடாந்திரச் சோதனையில் இந்த விளக்கு பழுதைக் காட்டினால் வண்டி தேறாது. அதனால் பழுதை விட்டுவிட்டு விளக்கை மட்டும் அணைக்கும் ஆசையும் சிலருக்கு வருகிறது.

பழைய கார் வாங்குகிறவர்கள் சாவியைத் திருப்பி அந்த விளக்கைப் பாருங்கள். எரிந்து, தானாக அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பணம் கொடுப்பதற்கு முன் ஸ்கேனரோடு ஒரு நல்ல மெக்கானிக்கை அழைத்து, இருக்கைக்கு அடியிலும் ஸ்டீரிங்குக்குள்ளும் பார்க்கச் சொல்லுங்கள்.