மிதவை

பற என்பதிலிருந்து பறவை வந்ததுபோல மித என்பதிலிருந்து வந்தது மிதவை. அகராதியில் இதற்குத் தெப்பம் என்று ஒரு பொருள் உண்டு. கஞ்சி, கூழ் என்று இன்னொன்றும் உண்டு. சங்கப் பாடல்களில் வரும் மிதவை பெரும்பாலும் உண்ணும் மிதவைதான்.

இன்று பாடநூல்களில் ‘மிதவை உயிரி’ என்றால் பிளாங்டன். கடலோட்டம் இழுத்த பக்கம் போகும் உயிரினங்கள். அலைந்து திரிவது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை 1887-இல் ஆக்கியவர் ஜெர்மானியர் விக்டர் ஹென்சன். மலையாளத்தில் ‘பிளவகம்’ என்பார்கள்; அதுவும் மிதப்பதுதான்.

மிதவை உயிரிகளுக்கும் கொச்சிக்கும் தனி உறவு உண்டு. 1959 முதல் 1965 வரை பல நாட்டுக் கப்பல்கள் சேர்ந்து பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வை நடத்தின. கூம்பு வடிவ வலையை ஏறத்தாழ 200 மீட்டர் ஆழத்திலிருந்து செங்குத்தாக இழுத்து, அதில் சிக்கிய உயிரிகளை ஃபார்மலினில் இட்டுப் புட்டிகளில் அடைத்தார்கள். அவற்றைப் பிரித்து இனம் காண யுனெஸ்கோ உதவியுடன் கொச்சியில் இந்தியப் பெருங்கடல் உயிரியல் மையம் எழுந்தது. எந்த நாடு அள்ளியதானாலும் புட்டி இங்கே வந்தது. நுண்நோக்கியின் கீழ் துடுப்புக்காலி ஒரு பக்கம், அம்புப்புழு ஒரு பக்கம் என்று ஊசிமுனையால் ஒதுக்கும் வேலைக்கு அசாத்தியப் பொறுமை வேண்டும். தேசிய கடலியல் நிறுவனத்தின் கொச்சிக் கிளை இம்மையத்தின் வழிவந்ததே.

விலங்கு மிதவைகள் பலவும் இரவில் மேலேறிப் பகலில் ஆழம் இறங்குபவை. ஆகவே வெறும் ‘மிதவை’ சற்றுக் குறைதான். ஆனாலும் மத்தி மீனுக்கு இதுவே கஞ்சி. அந்தப் பழைய பொருளுக்காகவே இச்சொல்லை வைத்துக்கொள்ளலாம்.