பேக்கரி அடுப்பும் நம்ம பெண்களும்

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிற நமக்கும் கேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று நம்ம கூட்டத்திலேயே சிலர் கேட்டார்கள். சம்பந்தம் நானூறு வருஷத்துப் பழசு. 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்திரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரை வியாபாரம் முழுக்க இங்கேயிருந்துதான் நடந்தது. 1690-ல்தான் தலைமை இடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். எலும்புக்கூடு செதுக்கின வாசலோடு அவங்க கல்லறைத் தோட்டம் இன்னும் நிற்குது. மீன் கூடையோடு அதைத் தாண்டிப் போகாதவங்க நம்மில் யார்?

கோட்டைக்காரங்க போய்ட்டாங்க, சொல் தங்கிப்போச்சு. ‘குக்கீ’ என்கிற இங்கிலீஷ் வார்த்தையே டச்சு மொழியிலிருந்து வந்ததுதான். அதே கம்பெனி ஆண்ட இலங்கையில், நம்ம அச்சு முறுக்கு மாதிரிப் பலகாரத்தை இன்றைக்கும் ‘கொக்கிஸ்’ என்கிறார்கள். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் இந்தக் கரையுடையது. (கக்கூசு என்கிற வார்த்தையும் டச்சுதான். அதையும் சேர்த்துச் சொன்னால் எங்க அத்தை அடிக்க வருவாங்க.)

அச்சு முறுக்கைப் பெண்கள் வீட்டில் சுட்டோம். அதை யாரும் தொழில் என்று சொல்லவில்லை. பேக்கரி என்று கடை வந்ததும் அது ஆம்பளை வேலை ஆகிவிட்டது. கேரளத்துத் தலச்சேரியில் 1880-ல் மாம்பள்ளி பாப்பு என்பவர் பிஸ்கட் கம்பெனி தொடங்கினார். பர்மாவில் தொழில் கற்று வந்தவர். 1883-ல் முர்டோக் பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஒரு கேக்கைக் கொண்டுவந்து காட்டி, இதேபோல செய்து கொடு என்றாராம். பாப்பு உள்ளூர்ச் சரக்கைப் போட்டே செய்து கொடுத்தார். இந்தியாவின் முதல் கிறிஸ்மஸ் கேக்கு அதுதான் என்று சொல்வார்கள். அவர் வழியில் வந்த கடைகளிலும், தூத்துக்குடியில் முட்டை வெள்ளையும் முந்திரியும் சேர்த்து மக்ரூன் போட்ட கடைகளிலும் விறகு அடுப்பு ராத்திரியில்தான் எரியும். விடியறதுக்குள்ள ரொட்டி கடைக்குப் போகணும். ராத்திரி வேலை, மூட்டை தூக்கணும், அனல் என்று மூன்று காரணம் சொல்லிப் பெண்களை வெளியே நிறுத்தினார்கள். விடியக்காலம் மூணு மணிக்குக் கரையில் படகுக்காகக் காத்து நிற்கிறவளிடம் இந்தக் காரணத்தைச் சொன்னால் சிரிப்பாள். இடுப்பளவு தண்ணியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவளிடம் சொன்னாலும் அப்படித்தான்.

கதவு திறந்த கதை நமக்குத் தெரியணும். 1950-களின் தொடக்கத்தில் நாட்டில் அரிசி கோதுமைக்குப் பெரிய தட்டுப்பாடு. அப்போது லீலாவதி முன்ஷி என்கிற எழுத்தாளர், சுதந்திரப் போராட்டத்தில் சிறை போனவர், அகில இந்தியப் பெண்கள் மத்திய உணவுக் குழுவை நடத்தினார். அந்தக் குழுவின் அன்னபூர்ணா உணவகங்களில் அரிசி கோதுமை குறைவாகச் சேர்த்த சாப்பாடு போட்டார்கள். நம்ம குழுக்கள் இன்றைக்குக் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் கேன்டீன் நடத்துவதைப் போலத்தான். அதே பெண்கள் குழுதான் 1954-ல் பம்பாயில் கேட்டரிங் கல்லூரியைத் தொடங்கியது. நாட்டிலேயே இந்த வகையில் முதல் கல்லூரி அது. ஓட்டல் முதலாளிகளோ பெரிய சமையல்காரர்களோ தொடங்கவில்லை, பெண்கள் சேர்ந்து தொடங்கினார்கள்.

அங்கே ரொம்ப காலம் முதல்வராக இருந்தவர் தங்கம் பிலிப். கோட்டயத்தில் 1921-ல் பிறந்து, நம்ம சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். 1965-ல் வந்த அவருடைய சமையல் பாடநூலைப் படித்துத்தான் பல தலைமுறைச் சமையல்காரர்கள் ஓட்டல் வேலைக்குப் போனார்கள். 1976-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்த ஆம்பளைச் சமையல்காரர்களுக்கெல்லாம் வாத்தியார் ஒரு பொம்பளை!

பாரிசில் இருக்கிற லெ கார்டன் ப்ளூ பள்ளிக்கும் இதே மாதிரி ஒரு பிறப்பு உண்டு. 1895-ல் மார்த் திஸ்தெல் என்ற பெண் பத்திரிகையாளர், தன் சமையல் பத்திரிகை வாசகர்களுக்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்ததுதான் அது. மும்பையைச் சேர்ந்த பூஜா திங்ரா சட்டப் படிப்பை விட்டுவிட்டு, சுவிட்சர்லாந்திலும் பிறகு அங்கேயும் படித்துவிட்டு வந்து 2010-ல் சொந்தக் கடை போட்டார். அவருக்குப் பாரிஸ் போக வசதி இருந்தது. நமக்குத் தரமணி இருக்கிறது.

தரமணி மத்திய கேட்டரிங் கல்லூரி 1963-ல் வந்தது. பத்தாவது பாஸ் பண்ணினவங்களுக்கு அங்கே ஒன்றரை வருஷப் படிப்பு உண்டு, சமையலோடு கேக்கு, பேஸ்ட்ரி வேலையும் சேர்த்து. ஐ.டி.ஐ.களிலும் பேக்கரி பிரிவு உண்டு. பட்டியல் இன, பழங்குடிப் பிள்ளைகளுக்குத் தரமணியில் படிக்கத் தாட்கோ உதவி செய்கிறது. நம்ம இருளர் குடும்பத்து அக்காமார் இதைக் கட்டாயம் விசாரிக்கணும்.

என் தங்கச்சி பொண்ணு சென்னையில் ஒரு பேக்கரியில் இரண்டு வருஷம் டப்பா மடித்தாள். அடுப்புப் பக்கம் வேலை கேட்டதற்கு, “பொண்ணுங்க கவுன்டரோட நில்லுங்க” என்று சொல்லிவிட்டார்கள். இப்போது தரமணியில் சேரப் போகிறேன் என்கிறாள். பஸ்ஸில் பொன்னேரி, மின்ரயிலில் சென்ட்ரல், பறக்கும் ரயிலில் தரமணி. போகவே மூணு மணி நேரம். ஹாஸ்டலுக்குக் கட்ட அவ அம்மா குழுவில் கடன் கேட்டிருக்கிறாள். முகத்துவாரம் அடைபட்டு, வலையில் ஒண்ணும் விழாத வருஷத்தில் இந்தக் கடனா என்று ஒருத்தர் கேட்டார். கேட்டதில் நியாயம் இருக்கு. ஆனால் 1989-ல் தர்மபுரியில் முதல் குழுக்கள் தொடங்கியபோது அவங்க கையில் மட்டும் என்ன இருந்தது? என் ஓட்டு கடன் கொடுப்பதற்குத்தான். கூட்டம் அடுத்த வாரம்.

அதற்குள் அவள் ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கிவிட்டாள். பேஸ்ட்ரி வேலையில் கைக்கணக்கு செல்லாது, எல்லாம் கிராம்தானாம். அவ பாட்டி கண்ணளவில் போடுகிற அச்சு முறுக்கு மாவை ஒவ்வொரு தடவையும் நிறுத்து நோட்டில் எழுதுகிறாள். பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், சர்க்கரை, எள்ளு எல்லாம் ஒத்துவருகிறது. முட்டை மட்டும் ஒவ்வொண்ணும் ஒரு எடை என்று கோழி மேல் கோபமாக இருக்கிறாள்.