காய்ச்சல் குறையவே இல்லையா? உடம்பில் கருப்புப் புண் இருக்கான்னு பாருங்க! ஸ்க்ரப் டைபஸைக் கண்டுபிடிக்க ஏன் தாமதமாகிறது?

மழை ஓய்ந்து பனி தொடங்கும் நேரம். உத்திரமேரூர், ராஜகுளம் மாதிரி வயலும் ஏரியும் சூழ்ந்த ஊர்களில் காய்ச்சல் வந்தால் பலரும் முதலில் போவது மெடிக்கல் ஷாப்புக்குத்தான். பாராசிட்டமால் போட்டால் சில மணி நேரம் காய்ச்சல் இறங்கும், மறுபடி ஏறும். மூணாவது நாள் பக்கத்து கிளினிக்கில் ஒரு ஊசி. பிறகு லேப்பில் டெங்கு, மலேரியா, டைபாய்டு டெஸ்ட். எல்லாம் நெகட்டிவ். இப்படியே ஒரு வாரம் ஓடிவிடும். ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகள் பலர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் வழி இதுதான்.

ஸ்க்ரப் டைபஸ் என்றால் என்ன?

புதர், புல்வெளி, வயல்வரப்பில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத சிறு பூச்சியின் லார்வா கடிப்பதால் பரவும் பாக்டீரியா காய்ச்சல் இது. நம்மூரில் 'உண்ணிக் காய்ச்சல்' என்றும் சொல்கிறார்கள். கடித்து ஒன்று, இரண்டு வாரம் கழித்துத்தான் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி வரும். அதற்குள் எங்கே புல் அறுத்தோம் என்பதே மறந்துபோயிருக்கும்.

2024-25 குளிர்காலத்தில் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர், வேலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் பாதிப்பு அதிகரிப்பதாகப் பொது சுகாதாரத்துறை எச்சரித்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் வடமாவட்டங்களில் 37 கிராமங்களில், சுமார் 32 ஆயிரம் பேரிடம் நடத்திய ஆய்வில், ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கான காய்ச்சலுக்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று தெரியவந்தது.

எங்கே சறுக்குகிறது?

கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு வரும். வலிக்காது, பெரும்பாலும் அரிக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, இடுப்புத் துணி கட்டும் இடம் என மறைவான பகுதிகளில்தான் அதிகம் இருக்கும். கூச்சத்தில் நோயாளி சொல்வதில்லை; கூட்டத்தில் டாக்டரும் துணி விலக்கிப் பார்ப்பதில்லை. எல்லோருக்கும் இந்தப் புண் வருவதும் இல்லை.

பெயரும் குழப்புகிறது. டைபஸ் வேறு, டைபாய்டு வேறு. டைபாய்டு என்று நினைத்துப் போடும் செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஊசிகள் இந்தக் கிருமியிடம் எடுபடாது. ஊசி போட்டும் காய்ச்சல் விடவில்லை என்று டாக்டரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அமெரிக்கா, ஐரோப்பாவில் உண்ணிக் கடியால் வரும் லைம் நோயிலும் தோலில் வரும் சிவப்பு வளையத்தைத் தவறவிட்டால் இதே அலைச்சல்தான்.

ரத்தத்தில் ஐ.ஜி.எம். எலிசா டெஸ்ட் எடுத்தாலும் முதல் சில நாட்களில் நெகட்டிவ் வரலாம். அதனால் சந்தேகம் வலுவாக இருந்தால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் டாக்டர்கள் மருந்தைத் தொடங்குவார்கள்.

மருந்து இருக்கா?

இருக்கு, விலையும் குறைவு. டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் தருவார்கள். சரியான மருந்து கிடைத்தால் பொதுவாக இரண்டு, மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதித்து உயிருக்கே ஆபத்து. அந்த நிலையில் இரண்டு மருந்தையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுத்தால் பலன் அதிகம் என்று 2023-ல் வெளியான சி.எம்.சி. தலைமையிலான ஆய்வு காட்டியது. இதைப் படித்துவிட்டு நீங்களே கடையில் வாங்கிப் போடாதீங்க.

காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ உத்திரமேரூர் அரசு மருத்துவமனைக்கோ போங்க. வயல் வேலை பார்த்ததையும், ஏற்கெனவே போட்ட மாத்திரை, ஊசியையும் சொல்லுங்க. புண் இருந்தால் கூச்சப்படாமல் காட்டுங்க. மூச்சுத் திணறலோ மனக்குழப்பமோ வந்தால் உடனே 108. மற்ற சந்தேகங்களுக்கு 104-ஐ அழைக்கலாம்.