புகையிரத நிலையத்தில் பிறந்த பூ

1979இல் இங்கிலாந்தின் யோர்க் நகரத்தில், புகையிரத நிலையத்துக்குப் பக்கத்து வாகனத் தரிப்பிடத்தில், ரிச்சர்ட் அபொட் என்ற தாவரவியலாளர் ஒரு மஞ்சள் பூச்செடியைக் கண்டார். பார்த்தால் வெறும் களை. ஆனா அப்படியொரு செடி அதுக்கு முதல் எங்கேயும் பதிவாகியிருக்கவில்லை. அது அங்கே பிறந்த கதை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இத்தாலியின் சிசிலித் தீவில் தொடங்குகிறது.

சிசிலியில் எட்னா எண்டொரு எரிமலை. அதன் உச்சிப் பக்கம் ஒரு செனீசியோ இனம் வளருது, அடிவாரத்தில் இன்னொன்று. இரண்டும் சூரியகாந்திக் குடும்பம். நடுச்சரிவில் இரண்டும் கலந்து கலப்புச் செடிகள் முளைக்கும். அந்தச் செடிகள்தான் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு, ஒக்ஸ்ஃபோர்ட் தாவரவியல் பூங்காவில் வளர்ந்தன. 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர் செனீசியோ ஸ்குவாலிடஸ். ஸ்குவாலிடஸ் எண்டால் லத்தீனில் அழுக்கானது. ஊரில் அதை ஒக்ஸ்ஃபோர்ட் ரெக்வேர்ட் என்றார்கள்.

பூங்காவுக்குள் அது அடங்கி இருக்கவில்லை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஒக்ஸ்ஃபோர்ட்டின் கல் மதில்களில் ஏறிவிட்டது. 1844இல் நகரத்துக்குப் புகையிரதம் வந்தது. தண்டவாளத்துக்குக் கீழே கொட்டின சரளையும் கரிக்கட்டிச் சாம்பலும் அந்தச் செடிக்கு எட்னாவின் எரிமலைக் கல் மாதிரியே இருந்தது. விதைகளோ எருக்கலைப் பஞ்சு போல பறக்கிறவை. ஓடுற வண்டியின் காற்றே அவற்றை இழுத்துக்கொண்டு போகும். ஜோர்ஜ் ட்ரூஸ் என்ற ஒக்ஸ்ஃபோர்ட் தாவரவியலாளர் ஒருமுறை பயணம் செய்தபோது, ஒக்ஸ்ஃபோர்ட்டில் பெட்டிக்குள் மிதந்து வந்த விதைகள் டைல்ஹேர்ஸ்ட் நிலையத்தில் வெளியே போனதைக் கண்டு எழுதி வைத்தார். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து இடிந்த லண்டன் கட்டடங்களுக்கு நடுவிலும் இந்த மஞ்சள் பூ பூத்தது.

போன இடமெல்லாம் அது ஒரு உள்ளூர்ச் செடியைச் சந்தித்தது. அதன் பெயர் கிரவுண்ட்செல், அதுவும் செனீசியோதான். ஒக்ஸ்ஃபோர்ட் ரெக்வேர்ட்டுக்கு 20 நிறமூர்த்தங்கள், கிரவுண்ட்செல்லுக்கு 40. பிள்ளைக்கு ஒன்றிடமிருந்து 10, மற்றதிடமிருந்து 20, மொத்தம் 30. இவை சரியாகச் சோடி சேராததால் அந்தப் பிள்ளை ஏறக்குறைய மலடு. ஆனா எப்போதாவது அந்த 30 இரட்டித்து 60 ஆகிவிடும். அப்போது சோடி சேரும், விதை வரும், ஒரு புது இனம் பிறக்கும். 1948இல் வேல்ஸில் அப்படியொரு செடி கண்டுபிடிக்கப்பட்டது, வேல்ஸ் கிரவுண்ட்செல். பிறகு ஸ்கொட்லாந்தின் எடின்பரோவிலும் அதே இனம் கிடைத்தது. அது வேல்ஸிலிருந்து போனதல்ல, அங்கேயே தனியாகப் பிறந்தது எண்டு ஆய்வுகள் காட்டின. ஆனா எடின்பரோச் செடி பிறகு அழிஞ்சு போச்சு.

இனங்கள் தோன்ற ஆயிரக்கணக்கான, இலட்சக்கணக்கான வருசம் வேணும் எண்டுதான் பள்ளிக்கூடத்தில் படிச்சிருக்கிறம். இவை எங்கட தாத்தா பாட்டி காலத்தில், தண்டவாளக் கரையில் பிறந்தவை!

யோர்க்கில் அபொட் கண்டதும் இதே இரண்டு செடிகளின் வழிவந்தது. ஆனா அதுக்கு 40 நிறமூர்த்தங்கள்தான். இரட்டிக்காமல் வேறு வழியால் வந்த இனம் அது. யோர்க்கின் ரோமானியப் பெயரான எபொராகும் என்பதைச் சேர்த்து 2003இல் அதுக்குச் செனீசியோ எபொராசென்சிஸ் எண்டு முறைப்படி பெயர் வைத்தார்கள். பெயர் வரும்போது வெளியில் செடி இல்லாமல் போயிருந்தது.

அதை யாரும் வேணுமெண்டு அழிக்கவில்லை. களைக்கொல்லி அடித்து, வெறும் நிலத்தைத் துப்புரவாக்கினார்கள், அவ்வளவுதான். ரெக்வேர்ட் எண்டாலே அங்கே பலருக்கு ஆகாது. பொது ரெக்வேர்ட் எண்ட இன்னொரு உறவுச் செடி மாடு, குதிரைகளின் ஈரலைக் கெடுக்கும், 1959ஆம் ஆண்டுக் களைச் சட்டத்தில் அதன் பெயரே இருக்கு. யோர்க் செடி அந்தச் சட்டத்தில் இல்லை. ஆனா மருந்து அடிக்கிறவருக்கு எல்லாம் ஒரே மஞ்சள் பூதான்.

நல்ல காலம், அதன் விதைகளைச் சேர்த்து மில்லேனியம் விதை வங்கியில் வைத்திருந்தார்கள். அந்த விதைகள் பழசாகிக்கொண்டு போனதால் இன்னும் பொறுத்தால் முளைக்காது எண்ட பயம் வந்தது. முளைத்த சிலதிலிருந்து புது விதை பெருக்கி, 2023இல் யோர்க்கில் திரும்ப விதைத்தார்கள்.

வந்தேறிச் செடியும் உள்ளூர்ச் செடியும் சேர்ந்து, மனிசர் கொட்டின சரளையில் பெற்ற பிள்ளை இது. அதை யோர்க்கிலிருந்து பிடுங்கினால் திருப்பி அனுப்ப இன்னொரு ஊர் இல்லை. அது இண்டைக்கு இருக்கிறதுக்குக் காரணம், களையைக் குனிஞ்சு பார்த்து எண்ணிப் பெயர் எழுதி, விதை எடுத்து வைத்த சிலபேர்தான். எங்கட புகையிரதப் பாதைக் கரைகளில் நிக்கிற செடிகளை யார் அப்படிப் பார்த்து எழுதி வைக்கினம்?